ஆறு வயதில் வந்த கடைவாய்ப்பல்

பல் வைத்தியம் என்பது, வாயைத் திறக்கவே கூடாது என்ற உறுதியோடு வருகிறவர்களை நம்பி நடக்கிற தொழில்.

இதில் எனக்கு எப்படி இடம் கிடைத்தது என்று கேட்பீர்கள். ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர், கல்கத்தாவில் படித்துவிட்டு வந்தவர். கெட்டிக்காரர். ஆனால் பெண்கள் அவர் முன்னால் முந்தானையை வாயிலிருந்து எடுப்பதில்லை. படித்த பெண் ஒருத்தி கூட இருந்தால் எடுப்பார்கள் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். நான் அப்போதுதான் பி.ஏ. முடித்துவிட்டு, கைக்குட்டைகளில் பூப் போட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரியில் நான்கு வருஷமும் ஆஜர் சொல்வதற்குத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காதவள். அப்படிப்பட்டவளைப் பிறர் வாயைத் திறக்க வைக்கும் வேலையில் அப்பா சேர்த்துவிட்டார்.

இன்னொரு ரகசியத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த அன்றே என் இடது கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஒரு சிறு குழி இருந்தது. டாக்டருக்கு எதிரே நாள் முழுவதும் நின்றுகொண்டு அதை அவரிடம் சொல்லவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குப் போகலாம், தானாகச் சரியாகிவிடும்" என்று உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால், என்னைத் திட்டாமல் மேலே படிப்பீர்கள்.

திரைக்குப் பின்னால்

சேர்ந்த முதல் வாரம். மில் முதலாளி ஒருவர் வீட்டு அம்மாள் காரில் வந்து இறங்கினார்கள். பல் வலிக்கிறது, ஆனால் ஆண்பிள்ளைக்கு வாயைக் காட்ட மாட்டேன் என்றார்கள். டாக்டர் தளரவில்லை. அறைக்கு நடுவில் ஒரு திரையைக் கட்டினார். இந்தப் பக்கம் நானும் அந்த அம்மாளும், அந்தப் பக்கம் டாக்டரும் அவருடைய நோட்டும். நான் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்து, எந்தப் பல் கெட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர் எழுதிக்கொள்வார்.

பார்த்தேன். சொல்லவும் சொன்னேன். "என்னம்மா?" என்றார் டாக்டர். மறுபடியும் சொன்னேன். "கொஞ்சம் உரக்க" என்றார். மூன்றாம் தடவை நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மெதுவாக என் கையை ஒதுக்கி, கண்ணாடியைத் தாமே வாயிலிருந்து எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, திரையைப் பார்த்துக் கணீரென்று சொன்னார்கள்: "டாக்டருங்க, மேல் வரிசையில வலப்பக்கம் கடைசிக்கு முந்தின பல்லுங்க. இந்தப் புள்ளைக்குச் சத்தம் வராதாட்ட இருக்குது. பாவம், அதைப் போட்டு வதைக்காதீங்க."

தேங்காய் அளவில் ஒரு பல்

அடுத்த சோதனை சிங்காநல்லூரில். அங்கே ஒரு பஞ்சாலையில் வேலை செய்கிற பெண்களுக்குப் பல்லைப் பற்றிச் சொல்லித்தர நான் ஒப்புக்கொண்டதாக டாக்டர் ஒப்புக்கொண்டுவிட்டார். புதன்கிழமைதோறும் பஸ்ஸில் போவேன். மடியில், தேங்காய் அளவில் பிளாஸ்டரில் செய்த ஒரு கடைவாய்ப்பல் துணி சுற்றி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அதை ஏதோ சாமி சிலை என்று நினைத்துக் காலை ஒடுக்கிக்கொள்வார்கள். நானும் மறுத்ததில்லை. மறுக்க வேண்டுமானால் பேச வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் மரத்தடியில் தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் பிளாஸ்டர் பல்லை உயர்த்திப் பிடித்து, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பேன். முன்பல் வெட்டுகிறது, கடைவாய்ப்பல் அரைக்கிறது. அரைப்பதற்காகவே அதன் தலையில் மேடும் பள்ளமும் இருக்கின்றன. பள்ளத்தில் சோறு தங்கினால் சொத்தை விழும். ஆகவே வேலங்குச்சியின் நுனியைக் கடித்துத் தூரிகை போலாக்கி, கடைசிப் பல் வரைக்கும் கொண்டுபோய், மேலும் கீழுமாக... முதல் புதன்கிழமை, தூரிகை என்ற இடத்தில் எல்லோரும் சோற்றைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

நூல் சுற்றுகிற பகுதியில் ராமாத்தாள் என்று ஒருத்தி. அவள் மட்டும் எழுந்து வந்து பல்லை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தான் செங்கல் பொடியை விரலில் தொட்டுப் பல் விளக்குகிறதை நடித்துப் பார்த்தாள். விரல் முன்பல்லோடு நின்றது. அதைத் தானே கவனித்தாள். மற்றவர்கள் பக்கம் திரும்பி, "வாசலை மட்டும் கூட்டிப்போட்டு ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியை நாறப் போட்டிருக்கறமுன்னு சொல்றாங்க புள்ளைங்களா, அவ்வளவுதேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அவள் பல்லை என் மடியில் திரும்ப வைத்துவிட்டுக் கேட்டாள்: "இதைச் சொல்றதுக்கு இத்தாம் பெரிய பல்லைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல வரோணுமுங்களா, அம்மணி?"

கிராம்பு எண்ணெய்

இதற்குள் என் சொந்தக் குழியும் சும்மா இருக்கவில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்றது. பிறகு வெந்நீர் பட்டாலும் சுருக்கென்றது. டாக்டரின் அலமாரியில் கிராம்பு எண்ணெய் சீசா இருந்தது. அவர் கை கழுவப் போகும்போது, பஞ்சில் நனைத்துக் குழிக்குள் திணித்துக்கொள்வேன். வலி அடங்கும். கிராம்பு எண்ணெய் பல்லை மரத்துப்போக வைக்குமே தவிரக் குணப்படுத்தாது என்று அன்று காலைதான் ஒரு நோயாளியிடம் விளக்கியிருப்பேன். அந்தப் பஞ்சையும் வைத்துக்கொண்டுதான் விளக்கியிருப்பேன்.

ஒருநாள் டாக்டர் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாதி காலி. மோந்து பார்த்தார். என் பக்கமாகவும் காற்றில் ஏதோ மோந்தார். பிறகு மிகவும் யோசனையோடு கேட்டார்: "ஏம்மா, எலி கிராம்பு எண்ணெய் குடிக்குமா?"

ஓட்டின் மேல் போட்ட பல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமாத்தாள் தன் மகளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். மகள் பெயர் மயிலாத்தாள், எட்டு வயது. என் பிரசங்கம் பலித்துவிட்டதென்று நான் பூரித்துப்போனேன். அவள் வந்தது புகார் சொல்ல. போன வருஷம் மயிலாத்தாளுக்கு வலது கீழ்க் கடைவாய்ப்பல் வலித்ததாம். சந்தையில் பல் பிடுங்குகிறவனிடம் காட்டிப் பிடுங்கியாயிற்று. விழுந்த பால்பல்லை எல்லோரும் செய்வதுபோல, சாணி உருண்டையில் வைத்து ஓட்டின் மேல் வீசியும் ஆயிற்று. முன்பற்கள் விழுந்தபோது அப்படித்தான் வீசினார்கள், ஒழுங்காக முளைத்தன. இது மட்டும் ஒரு வருஷமாகியும் முளைக்கவில்லை. இப்போது இடது பக்கமும் அதே பல்லில் சொத்தை. "இதையும் பிடுங்கிப்போடுங்க டாக்டருங்க. ரண்டும் ஒட்டுக்கா மொளைக்கட்டும்" என்றாள்.

டாக்டர் பார்த்தார். இடது பல்லின் குழி இன்னும் ஆழமாகவில்லை, சுத்தம் செய்து வெள்ளிக் கலவை வைத்து அடைத்தால் தப்பிவிடும், இந்த மாதம் தாண்டினால் சொல்ல முடியாது என்றார். "தாய்க்கு நீயே விளக்கிச் சொல்லம்மா" என்று என்னிடம் விட்டுவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போனார். நான் பிளாஸ்டர் பல்லை எடுத்துக்கொண்டேன். ஆறு வயதில், பால்பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே இது சத்தமில்லாமல் முளைக்கிறது. அதனால்தான் எல்லோரும் இதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பால்பல் அல்ல, இதற்குப் பிறகு அந்த இடத்தில் வேறு பல் கிடையாது என்றேன். என் குரல் வழக்கம்போல் பாதி வழியில் காணாமல் போனது. ஆனால் ராமாத்தாளுக்குக் கேட்டுவிட்டது. மயிலாத்தாள் சின்னக் கண்ணாடியில் தன் வலது பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அப்படீன்னா போன வருசம் நான் ஓட்டு மேல வீசினது, என்ற புள்ள கெழவியாகற மட்டும் வெச்சிருக்க வேண்டிய பல்லுங்களா?"

நோம்பிக் கச்சாயம்

ஆமாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டரைக் கேளுங்கள் என்று முணுமுணுத்தேன். அந்த முணுமுணுப்பை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள்? இந்தப் பெண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை என்று மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு புதன்கிழமை மரத்தடியில் அவளைக் கண்டேன். "ஓட்டை இருக்குதுங்கறீங்க, அதை இன்னும் பெருசாத் தோண்டி அடைக்கோணுமுங்கறீங்க, எனக்கு ஒண்ணும் புரியலீங்க" என்றாள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. நான் ஒருமுறை உரக்க "ஆமாம்" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பி.ஏ. படித்த எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

மாரியம்மன் நோம்பிக்கு என்னை வீட்டுக்கு அழைத்தாள். வெல்லமும் எள்ளும் மணக்கக் கச்சாயம் சுட்டிருந்தாள். மயிலாத்தாள் எனக்கு எதிரே உட்கார்ந்து தின்றாள். அவளுக்கு வலது பக்கம் பல் இல்லை. அதனால் சொத்தையுள்ள இடது பக்கத்தாலேயே கண்ணைச் சுருக்கி மென்றாள். வெல்லம் அந்தக் குழிக்குள் போகிறதே என்று எனக்கு மனசு பதறியது. இதை அவள் தாயிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ராமாத்தாள் மகளைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க அம்மணி, நீங்க எதுக்குங்க வலப்பக்கமாவே மெல்லறீங்க?"

நாற்காலி

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் வந்தார்கள். மயிலாத்தாள் நாற்காலிப் பக்கம் போகவில்லை. ராமாத்தாள் டாக்டரிடம், "மொதல்ல இந்த அம்மணிக்குப் பாருங்க. அவங்களுக்கு ஆகறதைப் பார்த்துப்போட்டு என்ற புள்ளையை உக்கார வெக்கறேன்" என்றாள். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். ஓடிவிடலாமா என்று நினைத்தேன். ஓடினால் அந்தக் குழந்தையும் கூடவே எழுந்து போய்விடும், இடது பக்கமும் காலியாகிவிடும். உட்கார்ந்தேன்.

மலையிலிருந்து பைக்காரா மின்சாரம் அப்போதே ஊருக்கு வந்துவிட்டிருந்தது. ஆனாலும் டாக்டர் பல் குடைகிற யந்திரத்தைக் காலால் மிதித்துத்தான் ஓட்டுவார், தையல் யந்திரம் மாதிரி. "பயப்படாதீர்கள், கையைத் தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்" என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சொன்னவள் நான். நான் டாக்டரின் கோட்டையே பிடித்துக்கொண்டேன். அவர் யந்திரத்தை எடுக்கக்கூட இல்லை. பல்லை ஒரு தட்டுத் தட்டினார், நான் நாற்காலியை விட்டு ஒரு சாண் எழுந்தேன். "எத்தனை மாதமாக?" என்றார். விரல்களைக் காட்டினேன். இரண்டு கையும் தேவைப்பட்டது. அவர் அலமாரியில் இருந்த சீசாவை ஒருமுறை பார்த்து, "எலி" என்றார் மெதுவாக. சேர்ந்த அன்றே சொல்லியிருந்தால் ஒரு சிட்டிகைக் கலவையோடு போயிருக்கும், இப்போது நரம்பு வரை போய்விட்டது, எடுத்தே ஆகவேண்டும் என்றார். ஊசி போட்டார். எடுத்தார். நான் கத்தவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. சாட்சிகள் இருவர் இருக்கிறார்கள்.

ராமாத்தாள் கிண்ணத்திலிருந்து என் பல்லை எடுத்துக் கழுவி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இதுவும் ஆறு வயசுல வந்ததுங்களா?" என்று டாக்டரைக் கேட்டாள். "ஆமாம். உன் மகளுக்குச் சொத்தையாக இருப்பதும் இதே பல்தான், இதே இடம்" என்றார். "இனி மொளைக்காதுங்களா?" என்று அவரைக் கேட்காமல் என்னைக் கேட்டாள். என் வாயில் பஞ்சு. பாதி முகம் மரத்திருந்தது. ஒரு பக்கம் கண்ணீர் இறங்குவது தெரிந்தது, மறுபக்கம் தெரியவில்லை. முளைக்காது என்று தலையை ஆட்டினேன். அவள் மயிலாத்தாளைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள். டாக்டர் யந்திரத்தை மிதித்தார். அந்தப் பெண் நாற்காலிக் கையைப் பிடிக்கவில்லை, என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள், சத்தமே போடவில்லை. முடிந்ததும் அடைத்த இடத்தை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பல் இருந்தது.

புறப்படும்போது ராமாத்தாள் ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். உள்ளே என் பல். "ஊட்டுக்குக் கொண்டுபோயி வெச்சுக்குங்க, கண்ணு. ஓட்டு மேல மட்டும் வீசிப்போடாதீங்க, இது மொளைக்கற பல்லில்லைங்க."

அதற்குப் பிறகு நான் சிங்காநல்லூருக்குப் பிளாஸ்டர் பல்லைச் சுமந்து போவதில்லை; வாயைத் திறந்து காலி இடத்தைக் காட்டினால் போதும், ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை.