டாக்டர் வரைந்த ரைபோசோம்

மகளுக்கு இரண்டரை மாதம் ஆனபோது தடுப்பூசி போடக் கொண்டுபோனோம். ஊசியோடு வந்த நர்ஸ் குழந்தையின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "டாக்டரை ஒண்ணு காணிச்சிட்டு வாங்க" என்றார். அதுவரை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், 'யாரைக் கொண்டு இவ்வளவு வெளுப்பு' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அன்று மத்தியானமே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் நான்குக்கும் கீழே இருந்தது. மெஷின் தப்பாக அடித்திருக்கும், இன்னொரு தடவை பார்க்கச் சொல்லு என்றார் என் கணவர். அவருக்குக் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் மென்பொருள் வேலை. எண் பொருந்தவில்லை என்றால் முதலில் மெஷினைத்தான் சந்தேகப்படுவார். இன்னொரு தடவையும் பார்த்தார்கள். அன்று மாலை அவளுக்கு முதல் தடவையாக ரத்தம் ஏற்றினார்கள். அவ்வளவு சின்னப் பையில் ரத்தம் வரும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

சில வாரங்களில் மறுபடி வெளுத்தாள். மறுபடி ஏற்றினார்கள். எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஐம்பது வயதிருக்கும், நிதானமான அம்மாள். குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"பேடிக்கண்டா" என்று மலையாளத்தில் தொடங்கினார். பயப்படாதீர்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லிலும் ரைபோசோம் என்று ஒன்று இருக்கிறது, புரதம் உண்டாக்குவது அதன் வேலை என்றார். ஒரு பெரிய உருண்டையும் ஒரு சின்ன உருண்டையும் வரைந்தார். சின்ன உருண்டைக்குள் ஒரு புள்ளி வைத்து, "இவிடெயாணு பிரஸ்னம்" என்றார். இங்கேதான் சிக்கல்.

நான் ரைபோசோம் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். படித்ததும் அதுதான், சம்பளம் வாங்குவதும் அதற்குத்தான். ஜீனிலிருந்து வரும் செய்தியைப் படித்து, அதில் சொன்ன வரிசையில் அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்குவது ரைபோசோம். சாப்பாடு குறைந்த காலத்தில் செல் எந்தப் புரதத்தைச் செய்வது, எதை நிறுத்தி வைப்பது என்று எப்படித் தீர்மானிக்கிறது என்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் கேள்வி. ரொட்டி உப்ப வைக்கிற ஈஸ்டில் அதைப் பார்க்கிறோம். டாக்டர் புள்ளி வைத்த அந்தப் புரதம் எனக்கு நன்றாகத் தெரியும். ஈஸ்டில் அதற்கு இரண்டு ஜீன்கள் உண்டு. ஒன்றை நீக்கிவிட்டால் ஈஸ்ட் மெதுவாக வளரும், சாகாது. அப்படி நீக்கிய ஈஸ்டை நானே உண்டாக்கி எங்கள் ஃப்ரீசரில் வைத்திருந்தேன்.

டாக்டர் பேசிக்கொண்டே போனார். நான் தலையாட்டினேன். அவர் பெரிய உருண்டையைக் கீழேயும் சின்னதை மேலேயும் வரைந்திருந்தார். எங்கள் துறையில் பெரிய பாகத்தை மேலே வரைவதுதான் வழக்கம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளைத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

வெளியே வந்து லிஃப்டுக்காக நின்றபோது கணவர் கேட்டார்.

"நீ ஏன் சொல்லல?"

"என்ன சொல்லணும்?"

"உனக்கு இதெல்லாம் அறியும்னு. அவங்க ஒண்ணாங்கிளாஸ் மாதிரி பறஞ்சுட்டிருந்தாங்களே."

"நல்லாத்தானே சொன்னாங்க" என்றேன்.

லிஃப்ட் வந்தது. ஏறிக்கொண்டோம்.

ஆய்வகத்தில் குழந்தைக்கு ரத்தசோகை என்று மட்டும் சொல்லியிருந்தேன். யாரும் மேலே கேட்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் மாணவர்களில் ஒருவர் புதிதாக வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து எல்லோருக்கும் விளக்குவது எங்கள் வழக்கம். அந்த வாரம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த மாணவியின் முறை. என்ன தலைப்பு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. முதல் படம் திரையில் விழுந்ததும் தெரிந்துவிட்டது. என் மகளுக்கு இருக்கும் நோய் அது.

மாணவி நன்றாகவே தயார் செய்திருந்தாள். ரைபோசோம் எல்லா செல்லிலும் இருக்கிறது, அதில் ஒரு குறை என்றால் எல்லா உறுப்பும்தானே கெட வேண்டும், ஏன் சிவப்பணு மட்டும் உருவாகாமல் போகிறது என்று கேட்டுவிட்டு, ரொம்ப காலம் இதற்குப் பதில் இல்லாமலிருந்தது என்றாள். இப்போது வருகிற ஆய்வுகள் ஒரு பதில் சொல்கின்றன. இருக்கிற ரைபோசோமில் பழுதில்லை, எண்ணிக்கைதான் குறைகிறது. எண்ணிக்கை குறையும்போது எல்லாச் செய்திகளுக்கும் ஒரே மாதிரி நஷ்டம் வருவதில்லை. சில செய்திகள் சுலபமாக ரைபோசோமைப் பிடித்துக்கொள்கின்றன. சிலவற்றால் முடிவதில்லை. சிவப்பணு ஆவதற்கு உத்தரவு கொடுக்கிற புரதம் ஒன்று உண்டு. அதன் செய்தி அப்படி முடியாதவற்றில் ஒன்று. மற்றவை எப்படியோ சமாளித்துக்கொள்ள, அது பின்தங்கிப்போகிறது.

பிறகு ஒரு கைக்குழந்தையின் கைப் படத்தைக் காட்டினாள். இந்த நோயில் சிலருக்குக் கட்டைவிரலின் அமைப்பு மாறியிருக்கும் என்றாள். என் மகளின் கட்டைவிரல் சரியாகத்தான் இருந்தது. அடுத்து ஒரு வரைபடம் வந்தது.

"ஒய் ஆக்சிஸ் லாக் ஸ்கேலா?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம்."

"அப்போ கண்ணுக்குத் தெரியறதைவிட வித்தியாசம் பெருசு. அதைச் சொல்லிட்டுப் போ."

சொன்னாள். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நானும் குறித்துக்கொண்டேன்.

பெற்றோரான எங்கள் இருவரிடமும் ஜீன் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்திருந்தார்கள். தம்பானூரில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது டாக்டர் போனில் கூப்பிட்டார். மகளின் ஜீனில் இருக்கும் அதே மாற்றம் என்னிடமும் இருக்கிறது, சிலருக்கு இப்படி வெளியே தெரியாமலே இருந்துவிடும் என்றார். என் சிவப்பணுக்கள் அளவில் சற்றுப் பெரியவை. கர்ப்பகாலத்தில் அதைப் பார்த்து விட்டமின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். "நிங்களுடெ தெற்றல்ல" என்று இரண்டு தடவை சொன்னார். உங்கள் தப்பில்லை. சரி டாக்டர் என்றேன். பஸ் வந்தது, உட்கார இடமும் கிடைத்தது. எனக்கு ஒன்றுமில்லாமல் அவளுக்கு மட்டும் ஏன் வந்தது என்று கேட்டால், இன்றைக்கும் என் துறையில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அப்பா கரமனையில் தனியாக இருந்தார். சாலைக் கம்போளத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே இறந்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் விஷயத்தைச் சொன்னேன். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒனக்கு முந்தி ஒரு பய இருந்தான் மக்ளே" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "யாருக்குப்பா?"

"எங்களுக்குத்தான். கோட்டாத்துல இருக்கும்போ பொறந்தான். ஆறு மாசம் இருந்தானா ஏழு மாசமா, சரியா ஓர்மையில்ல. நல்ல வெளுப்பு. பால் குடிக்கக்கூடச் சீவன் கிடையாது. ஒருத்தன் காமாலைன்னான், ஒருத்தன் ரத்தம் ஊறல்லன்னான். டானிக்கு குடுத்தோம்."

"அம்மா ஒரு நாளும் சொன்னதில்லையே."

"சொல்லப்பிடாதுன்னுட்டா. நீ பொறந்தப்பொறவு அவன் பேரையே எடுக்கல்ல."

"பேர் வச்சிருந்தீங்களா?"

சொன்னார். அந்தப் பெயரில் என் பள்ளிக்கூடத்தில் இரண்டு பையன்கள் படித்தார்கள். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

"எனக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லு. எங்கிட்டேந்துதான் வந்திருக்கும், கேட்டியா. ஒங்கம்மைக்கு ஒரு கொறையும் கெடையாது" என்றார் அப்பா.

சிகிச்சைக்கு அது தேவையில்லை என்றேன். அவர் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆட்டோவில் என்னோடு வந்து கையை நீட்டினார். முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அவரிடம் அந்த மாற்றம் இல்லை. வேறு மாதிரிச் சொல்லலாமா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார்.

"உங்ககிட்ட இல்லப்பா" என்றேன்.

"அப்பிடியா."

உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். "ஒங்கம்மைக்கு அடிக்கடி தல சுத்தும். வெயில்ல நிக்காதேம்பேன்" என்றார். டம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினார்.

அந்த வருஷம் முழுவதும் ரத்தம் ஏற்றுவதும் வெளுப்பதுமாகப் போயிற்று. மகளுடைய ரத்த வகை சுலபமாகக் கிடைக்காதது. ஒரு தடவை ரத்த வங்கியில் இல்லையென்று கைவிரித்தபோது, கணவர் தெரிந்தவர்களுக்கெல்லாம் போனில் செய்தி அனுப்பினார். அதில் நோயின் பெயரையும் எழுதியிருந்தார். அது எங்கெங்கோ சுற்றி எங்கள் ஆய்வக மாணவர்களின் கைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கணவரின் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் படுத்து ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தத் திருநெல்வேலிப் பெண் மூச்சிரைக்க வந்தாள். அவளுக்கும் அதே வகை. எடை பார்த்துவிட்டு, போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், அன்னைக்கு நான் அந்தப் பேப்பர எடுத்திருக்கக் கூடாது."

"நல்லாத்தான் பேசினே. கடைசி ஸ்லைடுல மட்டும் கொஞ்சம் வேகமாப் போயிட்டே."

அவள் அழ ஆரம்பித்தாள். என் கைப்பையில் கண்ணாடித்தட்டு துடைக்கிற ஆய்வகக் காகிதம் ஒரு கட்டு கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். சொரசொரப்பான காகிதம். மூக்கைச் சிந்திச் சிந்தி அவளுடைய மூக்கு சிவந்துபோனது. பாவமாக இருந்தது, அவளைப் பார்க்க.

முதல் பிறந்தநாள் முடிந்தபின் ஸ்டீராய்டு மருந்து ஆரம்பித்தார்கள். பாதிப் பேருக்கு மேல் கேட்கும், சிலருக்குக் கேட்காது, பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதும் முழுசாகத் தெரியாது. மகளின் கன்னம் இரண்டும் உப்பின. எந்நேரமும் பசி. தோசைக் கல் காய்வதற்குள் அடுப்படியில் வந்து நின்று அலறுவாள். கொடுக்கக் கொஞ்சம் தாமதமானால் என் கையைக் கடிப்பாள். கடித்த இடத்தில் பல் தடம் பதிந்திருக்கும். அதோடுதான் ஆய்வகம் போவேன்.

ஏழெட்டு வாரம் கழித்து டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, இந்த முறை ஏற்ற வேண்டாம் என்றார். அடுத்த முறையும் வேண்டாம் என்றார். அதற்கும் அடுத்த முறை, "மருந்நு பிடிச்சு" என்று சிரித்தார். கணவர் வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டர்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்கத்து வண்டிக்காரருக்கு வழிவிட்டு நின்றேன். மகள் அப்பாவின் ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் எனக்கு அதிவேகச் சுழல் இயந்திரத்தில் முறை போட்டிருந்தது. ஈஸ்டை உடைத்து, சர்க்கரைக் கரைசலின் மேல் ஊற்றிச் சுழற்றினால் ரைபோசோமின் பாகங்கள் எடைக்குத் தக்கபடி தனித்தனியாக நிற்கும். முறையைத் தவறவிட்டால் மறுபடி கிடைக்க நாளாகும். போய் வேலையை முடித்தேன்.

இந்த நோயையே எடுத்து ஆராயலாமே என்று நிறுவனத்தில் பெரியவர்கள் சொன்னார்கள். ஒரு நிருபர் பேட்டி கேட்டார். இரண்டுக்கும் முடியாது என்றேன். திருநெல்வேலி மாணவி அந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டாள். அவள் கொண்டுவரும் வரைபடங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். இன்னொரு குழந்தை பற்றிக் கணவர் ஒரே ஒரு தடவை பேச்செடுத்தார். மாற்றம் அதற்கும் போக இரண்டில் ஒன்று வாய்ப்பு என்றேன்.

மகள் இப்போது எல்.கே.ஜி. போகிறாள். வகுப்பில் அவள்தான் குள்ளம். காலையில் மாத்திரையில் ஒரு துணுக்கை ஏத்தம்பழத்தில் மசித்துக் கொடுக்கிறேன். மாதம் ஒரு முறை ரத்தம் பார்க்கிறோம். மருந்து எவ்வளவு காலத்துக்குக் கேட்கும் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்பதில்லை. என்னிடம் தமிழ் பேசுகிறாள், பொம்மைகளிடம் மலையாளம்.

போன மாதம் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். விளையாடும்போது விழுந்துவிட்டாளாம். போனேன். பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வழிந்திருந்தது. மண்டியிட்டுக் கிட்டே பார்த்தேன். நிறம் நன்றாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று காலைக் கொஞ்சம் திருப்பினேன். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. டீச்சர் என் தோளைப் பிடித்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்.

"மேடத்தினு ரத்தம் கண்டால் பேடியாணோ?" என்று கேட்டார். சின்னப் பெண், இந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்.

ஆமாம், பயம்தான் என்றேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிப்பதற்குள் ஆயா பஞ்சில் மருந்தைத் தொட்டுக் காயத்தைத் துடைத்துவிட்டாள். எரியுது என்று மகள் ஒரு தடவை கத்தினாள். பிறகு பெஞ்சிலிருந்து இறங்கி, நொண்டிக்கொண்டே வகுப்புக்குள் போய்விட்டாள்.