கியோத்தோவிலிருந்து வந்த தண்ணீர்

புண்ணியத் தலங்களுக்குப் போனால் அம்மா வெறுங்கையோடு திரும்பமாட்டார். இலங்கையில் மடு மாதா கோவில் என்றால் மண், லூர்து என்றால் தண்ணீர். எல்லாம் கனடாவில், எங்களுக்குப் பக்கத்தில் யூனியன்வில்லில் இருந்த அவருடைய தங்கைக்குத்தான். சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை. வயிற்றில் வந்ததும் தங்கவில்லை.

எனக்கு எட்டு வயதில் அப்பா வேலை அலுவலாக ஜப்பானுக்குப் போனார். நாங்களும் தொற்றிக்கொண்டோம். கியோத்தோவில் ஒரு பழைய ஷின்டோ கோவிலின் சிவப்பு மரவாசலடியில் அம்மா நின்றுவிட்டார். மாதா கோவிப்பாவே என்ற பயம். அப்பா கையைப் பிடித்து இழுக்காத குறை.

உள்ளே ஒரு கல்தொட்டி. வந்தவர்கள் மூங்கில் அகப்பையால் தண்ணீர் அள்ளி இடக்கை, வலக்கை, பிறகு வாய் என்று கழுவினார்கள். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தீர்த்தம் என்று முடிவு கட்டி, ஒரு வாய் குடித்துவிட்டுப் போத்தலையும் நிரப்பினார். கோவில்காரர் ஒருவர் பணிவாக வந்து, அது கை கழுவ என்று சைகையில் காட்டினார். அம்மா அவரையும் கும்பிட்டுவிட்டு மூடியை இறுக்கினார்.

"கை கழுவிற தண்ணியையே காவிக்கொண்டு போறீர்?" என்றார் அப்பா.

"கும்பிடுற இடத்துத் தண்ணி. நீங்கள் வாயை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ."

அந்தக் கட்டளை அப்பாவுக்கு மட்டும் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரான மார்க்கத்துக்குத் திரும்பிய கையோடு சின்னம்மா வீட்டுக்குப் போனோம். போத்தலைக் கொடுத்துவிட்டு அம்மா காரில் விட்ட சாப்பாட்டுச் சட்டியை எடுக்கப் போனார். சின்னம்மா கண்ணை மூடிப் போத்தலை வாயில் வைக்கப் போக, எனக்குப் பொறுக்கவில்லை.

"சின்னம்மா, டோன்ட் ட்ரிங்க். உது கை கழுவிற தண்ணி."

சின்னம்மா சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. "என்னத்துக்குக் கழுவிறது?" என்று கேட்டார்.

"சாமியிட்ட கேக்கப் போக முந்தி."

"அப்ப ஊத்து பாப்பம்."

குசினியில் சிங்க் தொட்டியடியில் நான் ஊற்ற, இடக்கை, வலக்கை, வாய் என்று முறைப்படி கழுவினார். பிறகு ஈரக்கைகளை நீட்டியபடியே நின்றார். நான் கொடுத்த துவாயை வாங்கவில்லை.

அம்மா சட்டியோடு உள்ளே வந்தார். "குடிச்சியே?"

"ஓமக்கா. ஒரு சொட்டு மிச்சமில்லை."

திரும்பும் வழியெல்லாம் அம்மா சந்தோசமாகச் செபமாலை சொன்னார். நானும் பின்சீற்றில் இருந்து செபித்தேன், இவ்வளவு பெரிய பொய் சொன்ன சின்னம்மாவை மாதா மன்னிக்க வேண்டுமென்று.