இரண்டு மிடறு தண்ணீர்

மே மாதம் வந்தால் எங்கள் குவார்ட்டர்ஸில் ஆளே இருக்காது. எல்லாரும் சொந்த ஊருக்கு ரயிலேறிவிடுவார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒன்றாக லீவு கிடைக்காத வீடு எங்களுடையது. அதனால் எனக்கு ஒன்பது வயதான கோடையில், அம்மா தினமும் கிரில் கதவை வெளிப்பக்கம் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். பிள்ளை பத்திரமாக இருக்கிறதாம். பீரோவும் பத்திரமாகத்தான் இருந்தது.

எனக்குப் பேச்சுத்துணை மீன்காரம்மா ஒருவர்தான். சதுரங்கப்பட்டினத்திலிருந்து தலையில் அன்னக்கூடையோடு வருவார். எங்கள் வாசலுக்கு வரும்போது உச்சிவேளை ஆகிவிடும். நான் மீன் வாங்கப்போவதில்லை என்று தெரிந்தும் படியில் கூடையை இறக்குவார். அவர் போய்விடக் கூடாதென்று ஒவ்வொரு மீனாகக் காட்டிப் பெயர் கேட்பேன், நேற்றுக் கேட்டதையே. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்பேன்.

"வேணாம் பாப்பா. வூட்டுக்குப் போய்க் குடிச்சுக்கிறேன்."

எங்கள் வீட்டுத் தண்ணீர் அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கு மனத்தாங்கல்.

கத்திரி வெயிலில் ஒரு நாள் காரப்பொடி மீனைக் காட்டினேன். சங்கரா என்றார். விளையாடுகிறார் என்று சிரித்தேன். அடுத்த மீனுக்குப் பதில் வரவில்லை. படியிலேயே சரிந்துவிட்டார்.

தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. பெயர் கேட்டுக் கேட்டு வெயிலில் நிறுத்தி நானே இவரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்பாவின் ஆபீஸில் கொடுத்த பாதுகாப்பு நாட்காட்டியில் மே மாதப் பக்கத்தில் வெயில் மயக்கத்துக்கு முதலுதவி போட்டிருந்தது. படிக்க வேறொன்றும் இல்லாததால் அது எனக்கு மனப்பாடம். நிழலுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தது. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து யாரை எங்கே கொண்டுபோவது? அம்மாவின் குடையை மடக்கியபடியே கம்பி வழியாக வெளியே விட்டு, விரித்து, அவர் முகத்துக்கு மேலே பிடித்தேன். குழாய்த் தண்ணீர் கொதித்தது. ஒரு கையால் கூடையை இழுத்து, மீனுக்கடியில் இருந்த ஐஸை அள்ளி அவர் கழுத்திலும் அக்குளிலும் வைத்தேன். அழுதுகொண்டேதான் வைத்தேன்.

வெகுநேரம் கழித்துக் கண் திறந்தார்.

"ஐஸெல்லாம் எட்துட்டியா? மீனு கெட்டுப்பூடுமே."

ஃப்ரிட்ஜ் பாட்டிலை நீட்டினேன். இரண்டு மிடறு குடித்து நிறுத்தினார். கிரில் கதவின் பூட்டைப் பார்த்தார்.

"சாவி யாராண்ட கீது?"

"அம்மாகிட்ட. சாயங்காலம்தான் வருவாங்க."

பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தார். "போதும் பாப்பா. இன்னும் நாலு தெரு கீது."

இவ்வளவு செய்தும் எங்கள் தண்ணீர் பிடிக்கவில்லையே என்று அன்று முழுக்க எனக்கு வருத்தம்.

வளர்ந்தபின் எனக்கு அமைந்தது, மதுராந்தகம் பக்கம் வெயிலில் வீடு வீடாகப் போய் மனுக்களை விசாரிக்கிற உத்தியோகம். முதல் கோடையில் ஒரு வீட்டு அம்மாள் சொம்பு நிறையத் தண்ணீர் நீட்டினார். "வேணாங்க, வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கிறேன்" என்றேன். காலையிலிருந்து ஒன்றுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடைத்திருக்கவில்லை. சொல்லி முடித்தபிறகுதான் மீன்காரம்மா எதற்காகப் பூட்டைப் பார்த்தார் என்று புரிந்தது.

எங்கள் குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு இரண்டு கக்கூஸ். அத்தனை வருஷத்தில் யாரும் அவருக்கு ஒன்றைத் திறந்துவிட்டதாக நினைவில்லை. நானாவது பூட்டப்பட்டிருந்தேன்.