அண்ணன் படகேறிய நாள்

காலையில் போர்க்காலச் சுரங்கங்களைப் பார்த்துவிட்டு, நானும் திருச்செங்கோட்டு நண்பர் ராசுவும் மீகாங் ஆற்றுக்கு வந்திருக்கிறோம். எங்கள் படகோட்டி அம்மாள் வழியில் ஒரு படித்துறையில் நிறுத்தி, சோறும் மீனும் படைத்து ஊதுபத்தி ஏற்றுகிறார். போருக்குப் போய்த் திரும்பாத அண்ணனுக்காம்.

நம் ஊர்த் திதி நினைப்பில் நான் இறந்த தேதியைக் கேட்கிறேன். உடன் வந்த வழிகாட்டி அம்மாளின் பதிலை ஆங்கிலத்தில் சொல்கிறார்.

"தெரியாது. இங்கே அவர் படகேறிய நாளையே வைத்துக்கொண்டோம். அம்மா உயிரோடு இருந்தவரை படைக்க விடவில்லை. இதுதான் முதல் வருடம்."

"ஏனுங்க, நாளைக்கே அவரு ஊட்டு வாசல்ல வந்து நின்னா என்ன பண்ணுவாங்களாம்?" என்கிறார் ராசு. தயக்கத்தோடு கேட்டுவிடுகிறேன்.

அம்மாள் சோற்றைப் பார்க்கிறார்.

"முதலில் திட்டுவேன். இது செத்தவருக்கு வைத்தது. அண்ணனுக்குப் புதிதாக உலை வைப்பேன்."