என் பிழையையும் சேர்த்துத் திருடியவர்

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். படித்தது நாலாம் வகுப்பு. யாரிடமும் நிமிர்ந்து பேசமாட்டேன்.

ஒருநாள், ஆராய்ச்சி இதழுக்காக ஒரு பேராசிரியர், தானே ஊர் ஊராகப் போய்க் கிணறுகளை எண்ணியதாக எழுதித் தந்த கட்டுரையைக் கோக்கும்போது என் கை நின்றுவிட்டது. முன்பு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதி, நானே கோத்த கிணறுகளின் பட்டியல் அது. அன்று இரண்டு ஊர்களின் கிணற்று எண்ணிக்கையை இடம் மாற்றிக் கோத்துவிட்டு, பயத்தில் மறைத்துவிட்டேன். அந்தத் தவறும் இதில் அப்படியே இருந்தது.

பிழை திருத்தப் புரூப் கேட்டு வந்த பேராசிரியரிடம், முதலாளி எதிரிலேயே, "இத நான் கோக்கமாட்டேன் சார், இது வாத்தியார் எழுதுனது" என்றேன்.

"நாலாங்கிளாஸ் எனக்கு ஆராய்ச்சி சொல்லித் தருதோ?"

"ஆராய்ச்சி தெரியாது சார். ஆனா இந்தத் தப்பு என்னுது. ஊர் ஊராப் போயி கிணத்த எண்ணுன உங்களுக்கு இது எப்படி வந்துச்சு?"

அவர் கட்டுரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறைத்த தவறுக்காக முதலாளி என்னை நெடுநேரம் திட்டினார். திட்டு வாங்கும்போது நான் தலை குனியாமல் நின்றது அந்த ஒரு தடவைதான்.