பந்து மேலதான் தப்புங்க

கடல் தாண்டி வந்த இந்த ஊரில் சனிக்கிழமை காலைகளில் எனக்கு ஒரு விசித்திரமான வேலை. மைதானத்து ஓரம் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகள் மட்டையும் பந்துமாக ஆடும் சாப்ட்பாலைப் பார்த்து, பந்து கைநழுவும் ஒவ்வொரு முறையும் அது யார் குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். பெற்றோரில் ஒருவர் ஆட்டக் கணக்குப் பார்ப்பது இங்கே வழக்கம். இந்தியர் என்றால் கணக்கில் புலி என்று இவர்களாகவே நினைத்துக்கொண்டு, என் கைப்பேசியில் அதற்கான செயலியை ஏற்றிவிட்டார்கள். நானோ சோமனூரில் பிறந்து, பி.காமில் தட்டுத்தடுமாறித் தேறியவள். யாரிடம் போய்ச் சொல்ல!

விதி என்னவோ எளிதுதான். அடித்த பந்தைத் தடுப்பவள் சாதாரண முயற்சியில் பிடித்திருக்க முடியாது என்றால் ‘ஹிட்’, அடித்தவளுக்குப் பெருமை. பிடித்திருக்கலாம், ஆனால் கோட்டை விட்டாள் என்றால் ‘எர்ரர்’. அவள் பெயருக்கு நேரே ஒரு பிழை விழும். அழுத்திய நொடியில் எல்லாப் பெற்றோரின் கைப்பேசியிலும் அது தெரியும். அட கடவுளே, பெற்றவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, உன் பிள்ளை தப்புச் செய்தாள் என்று நான் எப்படி எழுதுவேன்? இந்த வருட ஆட்டங்கள் தொடங்கியதிலிருந்து எல்லாவற்றுக்கும் ஹிட் போட்டுக்கொண்டிருந்தேன்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புரியும். அவிநாசியில் நடந்த என் கல்யாணப் பந்தியில், பரிமாறிக்கொண்டிருந்த அண்ணன் ரச வாளியை மாப்பிள்ளையின் பெரியப்பா மேல் கவிழ்த்துவிட்டார். நல்லவேளை, ஆறிப்போன ரசம். வேட்டி சொட்டச் சொட்ட அந்த மனிதர் எழுந்து, “நாந்தானுங்க குறுக்கால காலை நீட்டிப்போட்டேன்” என்றார். அப்பா விடவில்லை. “அதெல்லாம் இல்லீங்க, நாங்கதான் தரையத் தொடைக்காம உட்டுப்போட்டமுங்க.” குற்றத்தை எனக்கு உனக்கு என்று இருவரும் இழுத்து, கடைசியில் தரைதான் வழுக்கல் என்று முடிவானது. அண்ணன் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவளிடம் தீர்ப்பு எழுதச் சொன்னால்?

ஆனால் இந்த ஆட்டத்தில் பழியைத் தரைமேல் போட முடியாது. நான் இரக்கப்பட்டுப் போட்ட ஒவ்வொரு ஹிட்டும், பந்து வீசும் பெண்ணின் கணக்கில் கெட்ட பெயராக ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியாது. அந்தப் பெண் ஹன்னா, என் மகளின் அணிதான். அவள் அம்மா டெப்பி, இந்த நாட்டில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தானாக வந்து நாற்காலி போட்ட ஒரே மனுஷி. என் கணவர் வாரத்தில் பாதி நாள் வெளியூர். மகள் இனியா பள்ளிக்குப் போய்விட்டால் வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை குக்கர்தான். சனிக்கிழமை டெப்பி நீட்டும் காப்பி வாயில் வைக்க விளங்காது. ஆனாலும் வாரம் முழுக்க அதற்காகவே காத்திருப்பேன்.

கோடைப் போட்டிக்கென்று பொறுக்கியெடுத்த தனி அணியில் ஹன்னாவுக்கு இடமில்லை என்றாகிவிட்டது. நிறைய ஹிட் கொடுக்கிறாளாம். டெப்பி கைப்பேசியை என் முன் நீட்டினாள்.

“என் பொண்ணு மேல உனக்கு என்ன கோபம்?”

“ஐயோ, கோபமே இல்லை. மத்தப் பிள்ளைங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்...”

“அப்ப ஹன்னாவோட மனசு?”

பயிற்சியாளரிடம் ஓடினேன், அணியை அறிவித்தாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார். நம் ஊராக இருந்தால் அவர்கள் வீட்டுக்கே போய், நாலு தடவை மன்னிப்புக் கேட்டு, ஒரு வாய் காப்பி குடித்தால் தீர்ந்துவிடும். இங்கே கூப்பிடாமல் யார் வீட்டுக்குப் போவது? அடுத்த வாரம் டெப்பியின் நாற்காலி மைதானத்தின் மறுபக்கம் இருந்தது. சாதாரண முயற்சியில் அந்தச் சிநேகத்தை நான் பிடித்து வைத்திருக்கலாம். கோட்டை விட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது அழுதேன்.

போன சனிக்கிழமை வழக்கமான ஆட்டத்தில் ஹன்னா வீசினாள். எதிரணிப் பெண் அடித்த பந்து சோம்பலாக உருண்டு, நேரே இனியாவிடம் வந்தது. குனிந்தால் போதும். அது அவள் கால்களுக்கு நடுவே போய்விட்டது. மறுபக்கம் டெப்பி கைப்பேசியைப் பார்த்துக் குனிவது தெரிந்தது. என் விரல் முதலில் ஹிட்டுக்குத்தான் போனது. எர்ரரை அழுத்தினேன். என் மகள் பெயருக்கு நேரே, என் கையால். டெப்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், லேசாகத் தலையசைத்தாள். நாற்காலி மட்டும் அங்கேயேதான் இருந்தது.

காரில் ஏறியதும், “மன்னிச்சுக்க கண்ணு” என்றேன். இனியா பின்னிருக்கையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, “எதுக்கும்மா? அது எர்ரர்தானே” என்றாள். அவளுக்கு அது அவ்வளவுதான்.

வண்டியைக் கிளப்பும் முன் சோமனூரிலிருந்து அண்ணன் அழைத்தார். அவர் குரல் கார் முழுக்க நிறைந்தது.

“ஏன் அம்மணி, பாப்பா எப்படி ஆடுனா?”

“சூப்பரா ஆடுனாளுங்ணா. ஒரே ஒரு பந்துதான், கல்லுல பட்டு எகிறிப்போச்சு.”

“அதுக்கு அவ என்ன பண்ணுவா? நெலத்தச் சமம் பண்ணாம உட்டுப்போட்டு, ஆட வேற சொல்றானுகளா?” என்றார், அன்று ரச வாளியைக் கவிழ்த்தவர்.

இனியா உரிப்பதை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்தாள். “அங்க கல்லே இல்லையேம்மா” என்றாள், மாமாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று என் காதோடு.

அண்ணன் இன்னும் தரையைத் திட்டிக்கொண்டிருந்தார். “ஆமாங்ணா” என்றேன். கண்ணாடியில் மகளைப் பார்த்து, அவளுக்கும் ஆமாம் என்று தலையாட்டினேன்.