சாய்ந்த கொள்ளிடம்

திருச்சிக்குப் போகும் பகல் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். வலது கை ஓயாமல் நடுங்கியது. கொள்ளிடம் பாலத்தில் ஜன்னல் வழியாகப் போனில் ஒரு படம் எடுத்தார். படத்தில் ஆறும் வானமும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. எடிட்டிங் ஆப்பைத் திறந்து நேராக்கத் தொடங்கினார். விரல் நழுவியதும் படம் மறுபக்கம் சாய்ந்தது. மறுபடி திருப்பினார். மறுபடியும் நழுவியது.

ஸ்ரீரங்கம் தாண்டியதும் நான் பொறுக்காமல் சொன்னேன்: "ஆட்டோ பட்டனை அழுத்துங்க மேடம், அதுவே நேராக்கிடும்."

"தெரியுங்க. கை நடுங்குறதை என்னால நிறுத்த முடியல. இதையாவது நானே செய்யறேனே."

ஜங்ஷனில் எல்லோரும் இறங்கும்போதுதான் ஆறு நேராக நின்றது. படத்தைச் சேமித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பெட்டியை நான் தூக்கட்டுங்களா?" என்று தயங்கியபடி கேட்டேன்.

"தாராளமா தூக்குங்க," என்று சிரித்தார்.

அவ்வளவு பிடிவாதக்காரர் அதை மட்டும் எப்படி உடனே கொடுத்தார் என்று இன்னும் யோசிக்கிறேன்.